கனோம் க்ரோக்: நடுக்குழி கருகுகிறது, ஓரக்குழி வேகவில்லை. உதவி தேவை

பாங்காக் சமையலறை

வணக்கம். தாய்லாந்தின் தேங்காய்ப்பால் பணியாரமான கனோம் க்ரோக்கை வீட்டில் செய்து பார்க்கிறேன், சரியாக வரவில்லை. எங்கள் தெருமுனையில் காலை நேரத்தில் விற்கும் அம்மாவிடம் வாங்கினால் விளிம்பு பழுப்பாக முறுகியிருக்கும், நடுவில் தேங்காய்ப்பால் தளதளவென்று இருக்கும். என் வீட்டிலோ அடி ஒட்டிக்கொள்கிறது. கரண்டியால் எடுத்தால் பிய்ந்து வருகிறது. நடுவில் உள்ள குழிகள் கருகும்போது ஓரத்தில் உள்ளவை வெள்ளையாகவே நிற்கின்றன. வெந்தவையும் மெல்லும்போது ரப்பர் போல இழுக்கின்றன.

சந்தையில் வாங்கிய புது வார்ப்பிரும்புச் சட்டி, கடையில் வாங்கிய அரிசி மாவு, பெட்டியில் வரும் தேங்காய்ப்பால், சர்க்கரை, உப்பு ஆகியவற்றை வைத்துத்தான் செய்கிறேன். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ஊற்றி, ஒரு பக்கம் வெந்ததும் திருப்பிப் போடுகிறேன். அடுப்பு, கண்ணாடித் தளமுள்ள மின்சார அடுப்பு. எதை மாற்ற வேண்டும்?

ரம்பை இலை

இரண்டு முட்டை சேருங்கள் சகோதரி, ஒட்டாது. ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போட்டால் நன்றாக உப்பி வரும்.

ஆட்டுக்கல்

முட்டையும் சோடாவும் வேண்டாம். ரம்பை இலைச் சாறும் முட்டையும் சேர்த்து மெத்தென்று சுடும் பச்சை நிறப் பலகாரம் ஒன்று அங்கே உண்டு; 'சிங்கப்பூர் கனோம் க்ரோக்' என்று அதைச் சொல்வார்கள். அது வேறு சங்கதி. இவர் கேட்பது பழைய வகை. அதில் உப்ப வேண்டியது எதுவும் இல்லை.

சகோதரி, மூன்று விவரங்கள் வேண்டும். மாவுப் பொட்டலத்தில் எழுத்து என்ன நிறம்? சட்டியின் அடிப்பகுதி தட்டையா, குழிகள் கீழே தொங்குகின்றனவா? சட்டியைப் பழக்கினீர்களா?

பாங்காக் சமையலறை

மூன்று தலை யானைப் படம் போட்ட பொட்டலம், பச்சை எழுத்து. குழிகள் கீழே தொங்குகின்றன. சட்டியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினேன், அவ்வளவுதான்.

ஆட்டுக்கல்

ரப்பருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அந்தப் பொட்டலங்களில் பச்சை எழுத்து ஒட்டரிசி மாவு, சிவப்பு எழுத்து சாதாரண அரிசி மாவு, நீல எழுத்து மரவள்ளி மாவு. மூன்றிலும் யானை ஒன்றே என்பதால் புதிதாக வாங்குகிறவர்கள் அடிக்கடி தடுமாறுகிறார்கள். ஒட்டரிசி மாவு வெந்தால் இழுக்கத்தான் செய்யும். எவ்வளவு நேரம் சுட்டாலும் முறுகாது. கடையில் 'பேங் காவ் சாவ்' என்று கேளுங்கள். 'காவ் நியாவ்' என்று எடுத்துக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது அடுப்பு. தொங்கும் குழிச் சட்டி, கரியடுப்புக்கும் எரிவாயுச் சுடருக்கும் ஏற்பட்டது. அனல் ஒவ்வொரு குழியையும் சுற்றி மேலேறினால்தான் விளிம்பு பழுக்கும். கண்ணாடித் தளத்தில் வைத்தால் ஒவ்வொரு குழியின் நுனியும் ஒரு புள்ளியளவுதான் தொடும், சில குழிகள் அதுவும் தொடாது. நடுக்குழி கருகி ஓரக்குழி வேகாமல் நிற்பது இதனால்தான். மாவை எவ்வளவு திருத்தினாலும் இது சரியாகாது.

சியாங் மாய் வாசி

ஆட்டுக்கல் சொன்னது சரி, நான் சட்டியைப் பற்றிச் சேர்த்துக்கொள்கிறேன். இங்கே புதுச் சட்டியைப் பழக்க, பால் பிழிந்த தேங்காய்ச் சக்கையைக் குழிகளில் போட்டு மெல்லிய தீயில் கருநிறமாகும் வரை வறுப்பார்கள். சக்கையில் மிச்சமிருக்கும் எண்ணெய் இரும்பில் ஊறிப் படியும். கொட்டிவிட்டுத் துடைத்து, மறுபடி புதுச் சக்கை. அரை நாள் பிடிக்கும். அதன் பிறகு சோப்பு போடாதீர்கள். சுடும்போது எண்ணெயில் தோய்த்த துணிப்பந்தால் ஒவ்வொரு ஈட்டுக்கும் குழிகளைத் துடைத்தால் போதும், எண்ணெய் தேங்கக் கூடாது.

இன்னொன்று: இந்தப் பலகாரத்தைத் திருப்பிப் போடவே கூடாது. திருப்பினால் மேலே இருக்கிற பால் ஓடி இரும்பில் பட்டு ஒட்டிக்கொள்ளும். பணியாரம் சுட்டுப் பழகிய கை தானாகவே குச்சியைத் தேடும், அதை அடக்க வேண்டும். மூடி போட்டு வேக வைத்து, கரண்டி முனையால் விளிம்பைச் சுற்றிக் கிளப்பி எடுப்பதுதான் வழி. எடுத்த இரண்டு அரைகளை முகத்தோடு முகம் ஒட்டித் தருவார்கள்.

பாங்காக் சமையலறை

நன்றி அண்ணா. திருப்பக் கூடாதென்றால் நடுப்பகுதி எப்படி இறுகும்? எங்கள் அடுக்குமாடியில் எரிவாயு உருளைக்கு அனுமதி இல்லை, கரியடுப்பைப் பற்றிப் பேசவே முடியாது. இந்தச் சட்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?

ஆட்டுக்கல்

போட வேண்டாம், ஊருக்குக் கொண்டுபோங்கள். பாங்காக்கில் மின்சார கனோம் க்ரோக் அடுப்பே விற்கிறார்கள், சூடேற்றும் கம்பி குழித்தட்டின் அடியிலேயே இருக்கும். அது கிடைக்காவிட்டால், ஜப்பானியர்கள் தகோயாகி என்ற உருண்டைப் பலகாரம் சுடும் மின்தட்டு. அதன் குழி சற்று ஆழம், பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள்.

நடுப்பகுதி இறுகும் விஷயம்தான் இந்தப் பலகாரத்தின் உயிர். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கலக்கிறீர்கள். இங்கே இரண்டு கலவைகள், இரண்டுக்கும் வேலை வேறு.

அடிக்கலவை ஓட்டுக்கு. ஒரு கோப்பை அரிசி மாவு, ஒன்றரை முதல் இரண்டு கோப்பை இரண்டாம் பால், இரண்டு மூன்று மேசைக்கரண்டி ஆறிய சோறு, அரைத் தேக்கரண்டி உப்பு. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம், கூடினால் வேகும் முன்பே கருகும். சோற்றை மாவோடு மையாக அரைக்க வேண்டும். பழைய முறையில் ஊறவைத்த அரிசி, சோறு, தேங்காய்த் துருவல் மூன்றையும் கல்லில் ஆட்டுவார்கள். வெந்த சோறு கலந்த மாவு, நீர்த்திருந்தாலும் குழிச்சுவரில் படர்ந்து நிற்கும். பதம் ஆப்ப மாவைவிட நீர்க்க இருக்கட்டும். அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

மேற்கலவை தளதளப்புக்கு. ஒரு கோப்பை முதல் பால், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு. உப்பைக் குறைக்காதீர்கள். இது வெறும் இனிப்பு அல்ல. உப்பும் இனிப்பும் சேர்ந்து கரிக்க வேண்டும். வெங்காயத்தாளைத் தூவுவது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தூவாமலும் சாப்பிடலாம், மக்காச்சோளமோ வேகவைத்த சேப்பங்கிழங்கோ போடலாம். எனக்கு வெங்காயத்தாள் இல்லாமல் முழுமையாகத் தோன்றுவதில்லை.

குழி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். அடிக்கலவை விழுந்ததும் 'சொய்ங்' என்ற ஓசை வராவிட்டால் இன்னும் காயவில்லை, ஒட்டும். முக்கால் குழி ஊற்றி, சட்டியைச் சுழற்றியோ கரண்டியால் அணைத்தோ சுவரில் படரவிடுங்கள். ஓரம் வெண்மையாக மாறும், நடு இன்னும் நீராக இருக்கும். அந்தக் கணத்தில் மேற்கலவையை ஊற்ற வேண்டும். அடி முழுதும் இறுகிய பிறகு ஊற்றினால் இரண்டும் தனித்தனி அடுக்காகப் பிரிந்துவரும். பிறகு மூடி. மேல்பக்கம் இறுகுவது மூடிக்குள் சுழலும் ஆவியால்தான். தட்டை மூடி வேண்டாம், குவிந்த மூடியானால் ஆவிநீர் பால் மேல் சொட்டாமல் ஓரமாக வழிந்துவிடும்.

வெற்றிலைப் பெட்டி

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுண்ணாம்புத் தெளிநீர். தாய்லாந்தில் பலர் அடிக்கலவையில் அதைச் சேர்ப்பார்கள். இங்கே வெற்றிலைக்குப் போடும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்பை, 'பூன் டேங்' என்று கேட்டால் எந்தச் சந்தையிலும் தருவார்கள். மஞ்சள் கலந்ததால் வந்த நிறம். நெல்லிக்காயளவை ஒரு லிட்டர் நீரில் கலக்கி இரவு முழுதும் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் எடுக்க வேண்டும். பாலில் சிறிதைக் குறைத்து அந்த அளவுக்கு இதை ஊற்றினால் ஓடு ஆறிய பிறகும் மொறுமொறுப்பாக நிற்கும். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

ஆட்டுக்கல்

வேண்டாமென்று சொல்லவில்லை, அது முதல் நாளுக்குரிய காரியம் அல்ல என்கிறேன். அடுப்பும் மாவும் தவறாக இருக்கும்போது சுண்ணாம்பு எதையும் காப்பாற்றாது. சூட்டில் வரும் முறுகலும் சோறும் போதும் என்பது என் கட்சி.

வெற்றிலைப் பெட்டி

சுட்டவுடன் சாப்பிட்டால் போதும். பத்து நிமிடம் கழித்துச் சாப்பிட்டுப் பாருங்கள், பிறகு பேசலாம். சேர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சுண்ணாம்பு லிட்டருக்கு சுமார் 1.7 கிராம் மட்டுமே நீரில் கரையும். ஆகவே அதிகமாகப் போட்டால் வீரியம் கூடும் என்பது வீண் நினைப்பு, அடியில் கசடுதான் கூடும். கசடு மாவில் விழுந்தால் நாக்கு அரிக்கும்.

கோவைப் பணியாரம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் குழிப்பணியாரச் சட்டி இருக்கிறது, எரிவாயு அடுப்பு. இடியாப்ப மாவில் செய்தேன், ஓடு மணல்மணலாக இருக்கிறது. சட்டியின் குறையா?

ஆட்டுக்கல்

சட்டி நல்லது, மாவுதான் குற்றவாளி. நம் கடைகளில் இடியாப்ப மாவு பெரும்பாலும் வறுத்தது; அதன் துகள் இந்தப் பாலில் மென்மையாகக் கரையாது. தாய்லாந்து அரிசி மாவு ஈர அரிசியில் அரைத்தது, நம் வறுத்த மாவைவிட மிக நைசாக இருக்கும். பச்சரிசியை நான்கு மணி நேரம் ஊறவைத்து, சோறு சேர்த்து நீங்களே அரைத்துவிடுங்கள். புளிக்க வைக்காதீர்கள். உங்கள் குழி ஆழமானது, பாதியளவு மட்டும் ஊற்றுங்கள். வார்ப்பிரும்பானால் நல்ல முறுகல் கிடைக்கும், ஒட்டாப் பூச்சுச் சட்டியானால் நிறம் மட்டும் கிடைக்கும். நடுக்குழியில்தான் சூடு அதிகம், ஓரக்குழிகளில் முதலில் ஊற்றி நடுவைக் கடைசியில் நிரப்புங்கள்.

பாங்காக் சமையலறை

மின்சார அடுப்பு வாங்கி, சிவப்பு எழுத்து மாவில் செய்தேன். ஒட்டவில்லை! விளிம்பு பழுப்பாகிறது, எல்லாக் குழியும் ஒன்றுபோல் வேகின்றன. தெருக்கடை அளவுக்கு முறுகல் இல்லை, ஆனாலும் என் மகன் தட்டைக் காலி செய்துவிட்டான். இப்போது புதுச் சிக்கல்: மேற்கலவை திரிகிறது. எண்ணெய் தனியாக மிதக்கிறது, பால் சிறு சிறு கட்டியாக நிற்கிறது. சர்க்கரை கரையட்டும் என்று கொதிக்கவிட்டேன். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து அடுத்த நாள் எடுத்தாலும் கட்டி.

சியாங் மாய் வாசி

இரண்டு தனித்தனிக் காரணங்கள். தேங்காய்ப்பாலில் கொழுப்பை நீரோடு பிணைத்து வைப்பது அதன் புரதம். கொதித்தால் அது திரிந்து கொழுப்பைக் கைவிட்டுவிடும். சர்க்கரை கரைய வெதுவெதுப்பே போதும், விரலை வைத்தால் பொறுக்கும் சூடு. குளிரில் நடப்பது வேறு: தேங்காய்க் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே உறையத் தொடங்கும். அதைக் கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டாதீர்கள். வெளியே வைத்து இளகவிட்டு அடித்தால் மீண்டும் சேரும். இது கொதித்துத் திரிந்ததற்குப் பொருந்தாது, அதைக் குழம்பில்தான் போட முடியும்.

பெட்டிப் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். 20 சதவீதத்துக்குக் குறைவானால் மேற்கலவைக்கு நீர்ப்பதம் ஆகிவிடும். பக்கத்தில் சந்தை இருந்தால் இயந்திரத்தில் பிழிந்து தருபவரிடம் 'ஹுவா கதி' என்று, நீர் சேர்க்காத முதல் பாலாகக் கேளுங்கள். அன்றைக்கே செலவழித்துவிட வேண்டும், மதியத்துக்குள் புளித்துவிடும்.

ஆட்டுக்கல்

கூடவே ஒன்று: மேற்கலவையில் மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு கரண்டிக்கும் முன் கலக்குங்கள். கடைசி ஈடு மட்டும் கெட்டியாகவும் முதல் ஈடு நீராகவும் வருவதற்கு அதுதான் காரணம்.

பாங்காக் சமையலறை

ஆமாம், கடைசி ஈடுதான் நன்றாக இருந்தது. நாளைக்குச் சந்தைப் பாலில், கலக்கிக் கலக்கி ஊற்றப் போகிறேன். சுண்ணாம்பு நீரையும் ஒரு பங்கில் மட்டும் சேர்த்து, பத்து நிமிடம் கழித்து இரண்டையும் சாப்பிட்டுப் பார்த்து இங்கேயே எழுதுகிறேன். இருவரும் அதுவரை பொறுங்கள்.