சுங்கானுக்கு (புகைக்கும் பைப்புக்கு) 265 பவுண்டு வரியா? பார்சல் தபால் கிடங்கில் நிற்கிறது, உதவுங்கள்

ஹாரோ மருமகன் (2025 மார்ச் 11, இரவு 9.40)

வணக்கம். என் மாமனாருக்கு ஏப்ரலில் எழுபது வயது நிறைகிறது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்த நாளிலேயே சுங்கான் பிடித்தவர். லண்டனுக்கு வந்த பிறகும் மாலையில் ஒரு முறை, தோட்டத்துக் கதிரையில் உட்கார்ந்து, மாமி பார்க்காத நேரமாகப் பார்த்துப் பிடிப்பார். அவரிடம் இருந்த பைப்பின் வாய்க்குழாய் போன வருடம் உடைந்துபோனது. அதே மாதிரி ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று தேடியபோது, அமெரிக்காவில் ஒரு கடையில் பழைய பீட்டர்சன் (அயர்லாந்து நிறுவனம்) பைப் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தது. விலை 110 பவுண்டு (டாலரில் கொடுத்ததை மாற்றிச் சொல்கிறேன்). கூடவே ஆசைக்கு இரண்டு டப்பா பைப் புகையிலையும் போட்டேன், 22 பவுண்டு. அனுப்பும் செலவு 18. ஆக 150 பவுண்டு.

இன்று வாசலில் ஒரு அட்டை கிடந்தது. பார்சலை எடுக்க வேண்டுமானால் கட்ட வேண்டிய தொகை இது:

சுங்க வரி 105
கலால் வரி 84
வாட் (மதிப்புக் கூட்டு வரி) 68
கையாள் கட்டணம் 8

மொத்தம் 265 பவுண்டு (பென்சுகளை விட்டுவிட்டேன்). 150 பவுண்டுப் பொருளுக்கு 265 பவுண்டு வரியா? 135 பவுண்டுக்குக் குறைவான பொருளுக்குச் சுங்க வரி கிடையாது என்று படித்துவிட்டுத்தான் வாங்கினேன். பொருளின் விலை 132தானே? இதைக் கட்டுவதா, பார்சலைத் திருப்பி அனுப்பச் சொல்வதா? மனைவிக்கு இன்னும் தெரியாது.

---

ஈஸ்ட்ஹாம் தம்பி (மார்ச் 11, இரவு 10.05)

அண்ணா, அடுத்த முறை கடைக்காரரிடம் ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொல்லுங்கள். 39 பவுண்டு வரைக்கும் ஒன்றும் கட்டத் தேவையில்லை. என் அக்கா கனடாவிலிருந்து அப்படித்தான் சேலை அனுப்புகிறார்.

---

குரோய்டன் கணக்கர் (மார்ச் 11, இரவு 10.50)

ஈஸ்ட்ஹாம் தம்பி, சேலைக்குச் சரி, புகையிலைக்குச் சரியல்ல. 135 பவுண்டுச் சலுகையில் புகையிலையும் மதுவும் சேராது. அன்பளிப்பானாலும் ஒரே ஒரு டப்பாவானாலும் கலால் வரி உண்டு. அதோடு, கடையில் வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுவது பொய் அறிக்கை. பிடிபட்டால் பொருளே பறிபோகும். தயவுசெய்து இந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம்.

ஹாரோ மருமகனே, உங்கள் தொகையைப் பார்த்ததும் எங்கோ இடிக்கிறது. பார்சலை நேரில் பார்த்தீர்களா? அதன்மேல் சிறிய சுங்க அறிக்கை ஒன்று, சி.என் 22 என்ற படிவம், ஒட்டியிருக்கும். அதில் கடைக்காரர் என்ன எழுதியிருக்கிறார் என்று தெரிய வேண்டும். பொருள் விவரம், எடை, மதிப்பு மூன்றையும் அப்படியே இங்கே போடுங்கள்.

---

ஹாரோ மருமகன் (மார்ச் 12, மாலை 5.30)

கிடங்குக்கே போய்விட்டேன். அங்கிருந்த அம்மா நல்லவர், பணம் கட்டாமலேயே பார்சலைத் தூரத்திலிருந்து காட்டினார், படமும் எடுத்துக்கொண்டேன். படிவத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘புகையிலைப் பொருட்கள்’. எடை 0.46 கிலோ. மதிப்பு 132 பவுண்டுக்குச் சமமான டாலர். பைப் என்ற சொல்லே எங்கும் இல்லை.

---

குரோய்டன் கணக்கர் (மார்ச் 12, இரவு 8.15)

நினைத்தேன். உங்கள் கடைக்காரர் சோம்பலில் எழுதிய அந்த ஒரு வரிதான் இத்தனைக்கும் காரணம். வரி போட்டவருக்கு முன்னால் இருந்தது அந்தப் படிவம் மட்டுமே. அதன்படி பார்த்தால் உங்கள் பார்சலுக்குள் பைப்பே இல்லை, 132 பவுண்டுக்கு, 460 கிராம் புகையிலை இருக்கிறது.

கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். பைப் புகையிலைக்குச் சுங்க வரி ஏறத்தாழ 70 சதவீதம். அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்கு விழும். 150இல் 70 சதவீதம் 105. சரியாக ஒத்துப்போகிறதா? அடுத்தது கலால். அது விலையைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 2024 அக்டோபர் 30 பட்ஜெட்டின்படி பைப் புகையிலைக்குக் கிலோவுக்கு 180 பவுண்டுக்குச் சற்று மேல், கணக்குக்காக 183 என்று வைத்துக்கொள்கிறேன். 84ஐ 183ஆல் வகுத்தால் 0.46 கிலோ வருகிறது. அதாவது மரத்தாலான பைப், தகர டப்பாக்கள், அட்டைப்பெட்டி, சுற்றிய காகிதம் எல்லாவற்றையும் புகையிலை என்று எடை போட்டு உங்களிடம் கலால் கேட்டிருக்கிறார்கள்! கடைசியாக வாட் 20 சதவீதம். 150, 105, 84 மூன்றையும் கூட்டினால் 339, அதில் ஐந்தில் ஒன்று 68. வரிக்கும் வரி போடுவது முறைதான், அதில் பிழை இல்லை.

இனிச் சரியான கணக்கு. ஒவ்வொரு டப்பாவிலும் எவ்வளவு புகையிலை?

---

ஹாரோ மருமகன் (மார்ச் 12, இரவு 8.40)

1.75 அவுன்ஸ் என்று கடையின் பக்கத்தில் போட்டிருந்தது.

---

குரோய்டன் கணக்கர் (மார்ச் 12, இரவு 9.30)

அது 50 கிராம். இரண்டும் சேர்ந்து 100 கிராம். 460 எங்கே, 100 எங்கே!

அனுப்பிய செலவு 18ஐ விலைக்கு ஏற்றபடி பிரித்தால் பைப்புக்கு 15, புகையிலைக்கு 3. ஆகவே பைப் 125, புகையிலை 25.

புகையிலை: சுங்கம் 17.50, கலால் 18.30, வாட் 12.16. மொத்தம் 48 பவுண்டு.

பைப்: சுங்கம் இரண்டு சதவீத அளவில்தான், 2.50. கலால் கிடையவே கிடையாது, மரத்துக்கு யாரும் கலால் கேட்பதில்லை. வாட் 25.50. மொத்தம் 28 பவுண்டு. (ஒரே பொதியில் புகையிலை இருப்பதால் 135 பவுண்டுச் சலுகை பைப்புக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இருந்தால் உங்களுக்கு இன்னும் மூன்று பவுண்டு லாபம், அவ்வளவுதான்.)

ஆக, கட்ட வேண்டிய வரி 76 பவுண்டு. கேட்டிருப்பது 257. வித்தியாசம் 181.

ஒன்றைக் கவனித்தீர்களா? 22 பவுண்டுப் புகையிலைக்கு 48 பவுண்டு வரி. பைப்பை மட்டும் வாங்கியிருந்தால் சுங்கமே இல்லாமல், வாங்கும்போதே கடைக்காரர் வாட் பிடித்துக்கொண்டு, பார்சல் நேராக உங்கள் வாசலுக்கு வந்திருக்கும். உங்களைக் கெடுத்தது அந்த இரண்டு டப்பாக்கள்தான்.

---

பழஞ்சுங்கான் (மார்ச் 12, இரவு 10.10)

கணக்கர் ஐயா சொன்னது சரி. நான் நாற்பது வருடமாகப் பைப் சேர்க்கிறவன், இரண்டு சொல் சேர்க்கிறேன். சுங்கானும் சுங்கமும் சொல்லில்தான் பக்கத்தில் இருக்கின்றன, படிவத்தில் தள்ளித்தான் வைக்க வேண்டும். பைப்பின் சரக்குக் குறியீடு 9614, புகையிலையின் குறியீடு 2403. இனிமேல் எந்தக் கடையிலும் இந்த இரண்டு எண்களையும் தனித்தனி வரியில், தனித்தனி எடையோடும் விலையோடும் எழுதச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். புகையிலைக்கு நிகர எடை, அதாவது டப்பா இல்லாத எடை.

தம்பி, அந்தப் பீட்டர்சனின் தண்டிலோ கிண்ணத்திலோ என்ன முத்திரை இருக்கிறது?

---

ஹாரோ மருமகன் (மார்ச் 13, காலை 7.20)

படத்தில் தெரிந்தவரை ‘அயர்லாந்துக் குடியரசில் செய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, ஐயா. ஒரு கேள்வி. அயர்லாந்தில் செய்த பொருள் என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருக்கிற ஒப்பந்தத்தின்படி அந்த இரண்டு சதவீதமும் இல்லாமல் போகாதா?

---

பழஞ்சுங்கான் (மார்ச் 13, காலை 9.00)

போகாது. டப்ளினிலிருந்து நேராக, பொருள் எங்கே செய்தது என்று அனுப்புகிறவர் தரும் அறிக்கையோடு வந்தால் அந்தச் சலுகையைக் கேட்கலாம். எப்போதோ அமெரிக்காவுக்குப் போய், யாரோ புகைத்து, இப்போது அங்கிருந்து வருகிற பைப்புக்கு முத்திரை மட்டும் போதாது. இரண்டரை பவுண்டுக்காக அந்த வழியில் போக வேண்டாம்.

முத்திரையைக் கேட்டது வேறு காரணத்துக்காக. நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளாக இருந்தால் இறக்குமதி வாட் 20க்குப் பதில் 5 சதவீதம்தான் விழும். பீட்டர்சன் தன் ‘சிஸ்டம்’ பைப்புக்குக் காப்புரிமை வாங்கியது 1890இல், ஆகவே அவ்வளவு பழையவையும் சந்தையில் உண்டு. ஆனால் உங்களுடையதில் ‘குடியரசு’ என்று இருக்கிறதே. அயர்லாந்து குடியரசானது 1949இல். அதற்கு முந்தையதாக இருக்க வழியில்லை. ‘அயர்லாந்து சுதந்திர அரசு’ என்று முத்திரை கண்டால் 1922க்கும் 1937க்கும் இடைப்பட்ட காலம், அதுவும் இந்தச் சலுகைக்கு இன்னும் வயது போதாததாகவே இருக்கக்கூடும். எப்படியோ, மாமனார் வயதுக்குப் பொருத்தமான பைப்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

---

இரவுப்பணித் தாதி (மார்ச் 13, காலை 9.25)

எழுபது வயதில் புகையிலை அன்பளிப்பா? நான் வேலை செய்வது நெஞ்சுநோய் வார்டில். பைப் புகையும் புகைதான். இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

---

ஹாரோ மருமகன் (மார்ச் 13, மாலை 6.10)

அக்கா, மாமியும் இதையேதான் சொல்வார். பைப் அவருக்குக் கையில் வைத்திருக்கத்தான் அதிகம், நெருப்பு வைப்பது குறைவு. ஆனால் நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை.

கணக்கர் அண்ணா, இப்போது நான் என்ன செய்வது? பணம் கட்டாமல் கிடங்கிலேயே வைத்துவிட்டு முறையிடலாமா?

---

குரோய்டன் கணக்கர் (மார்ச் 13, இரவு 8.00)

கிடங்கில் ஏறத்தாழ மூன்று வாரம்தான் வைத்திருப்பார்கள். அதற்குள் பதில் வராவிட்டால் பார்சல் அமெரிக்காவுக்கே திரும்பிவிடும். அன்பளிப்புக்கு நாள் குறித்துவிட்டீர்கள் அல்லவா, ஆகவே மனதைக் கல்லாக்கிக்கொண்டு 265ஐக் கட்டி எடுத்துவிடுங்கள். பிறகு பி.ஓ.ஆர் 286 என்ற படிவத்தில் மறுபரிசீலனை கேளுங்கள். தபாலில் வந்த பொருளுக்கு அதிக வரி போடப்பட்டால் திரும்பப் பெறும் படிவம் அதுதான். தனியார் கூரியரில் வந்திருந்தால் சி 285. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பார்சலைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள். வரித் தொகை ஒட்டிய சீட்டு, சி.என் 22 ஒட்டிய உறைப் பகுதி, கடையின் பில் (பைப்பும் புகையிலையும் தனித்தனி விலையில்), பணம் கட்டிய ரசீது, நிகர எடை தெரியும்படி டப்பாக்களின் படம், இவை எல்லாம் வேண்டும். கடைக்காரரிடம் ‘படிவத்தை ஒரே வரியில் எழுதியது எங்கள் தவறு’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. மேலே நான் போட்ட கணக்கைத் தாளில் எழுதி இணையுங்கள். கோபத்தை எழுத வேண்டாம், எண்களை மட்டும் எழுதுங்கள். அந்த 8 பவுண்டை மறந்துவிடுங்கள், அது வரியல்ல, கையாள் கூலி.

---

மலர் வெம்ப்ளி (மார்ச் 14, மதியம் 1.15)

இடையில் ஒரு சந்தேகம். அப்பா ஜூலையில் கொழும்பிலிருந்து வருகிறார். அவரும் பைப் பிடிப்பவர். கையோடு எவ்வளவு புகையிலை கொண்டுவரலாம்?

---

பழஞ்சுங்கான் (மார்ச் 14, மாலை 4.40)

மகள், 250 கிராம் வரை வரியில்லை. அதே சலுகைக்குள்தான் சிகரெட்டும் சுருட்டும் வரும்: 200 சிகரெட் அல்லது 250 கிராம் புகையிலை, அல்லது பாதிக்குப் பாதி. இரண்டையும் முழுதாகக் கொண்டுவர முடியாது. முக்கியமானது, 250ஐத் தாண்டிவிட்டால் தாண்டிய அளவுக்கு மட்டுமல்ல, முழுவதற்கும் வரி. 300 கிராம் வைத்திருந்தால் 300க்கும் கட்ட வேண்டும். அப்பாவிடம் 250ஓடு நிறுத்தச் சொல்லுங்கள். அவருடைய சொந்தப் பைப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

பையில் கொண்டுவந்தால் ஒன்றுமில்லை, அதே புகையிலை தபாலில் வந்தால் முதல் கிராமிலிருந்தே வரி. இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்புவதில்லை.

---

ஈஸ்ட்ஹாம் தம்பி (மார்ச் 14, மாலை 5.00)

அண்ணை, நான் கையால் சுருட்டும் புகையிலை அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால்?

---

பழஞ்சுங்கான் (மார்ச் 14, மாலை 5.20)

வேண்டாம். அதற்குக் கலால் பைப் புகையிலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு சிகரெட்டுக்கும் சுருட்டும் புகையிலைக்கும் பிரிட்டன் வரிக்குறியும் எச்சரிக்கையும் உறையில் இல்லாவிட்டால், வரி கட்டத் தயாராக இருந்தாலும் பறிமுதல் செய்யலாம். பைப் புகையிலைக்கு அந்த வரிக்குறி விதி இல்லாததால்தான் ஹாரோத் தம்பியின் டப்பாக்கள் தப்பின.

---

ஹாரோ மருமகன் (மே 20, இரவு 9.05)

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன். பணத்தைக் கட்டி எடுத்தேன், கணக்கர் அண்ணா சொன்னபடியே படிவம் அனுப்பினேன். கடைக்காரரும் மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். இன்று பணம் திரும்ப வந்தது, 181க்கு ஒரு பவுண்டு குறைவு. எங்கே குறைந்தது என்று தேடும் தெம்பு எனக்கு இல்லை.

மாமாவுக்குப் பைப் மிகவும் பிடித்துவிட்டது. முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, வந்தவர்கள் எல்லோருக்கும் 1949 கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆனால் அந்தப் புகையிலை மட்டும் பிடிக்கவில்லை. ஏதோ கேக் வாசனை வருகிறதாம், ‘இது குழந்தைப் பிள்ளைக்கு’ என்று முதல் நாளே மூடி வைத்துவிட்டார். இரண்டாவது டப்பா திறக்கப்படவே இல்லை. அதற்கு மட்டும் 24 பவுண்டு வரி கட்டியிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை. மாமி அதை எடுத்து வெங்காயக் கூடைக்குப் பின்னால் வைத்திருக்கிறார்.