மூன்றாம் மொழி கற்கும் தமிழருக்குத் துணை தமிழா, ஆங்கிலமா?

தென்றல்:
ஜப்பானியம் கற்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல்கள் வழியாகவே கற்கிறார்கள். தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் பெரிய வசதியை இதனால் அவர்கள் இழக்கிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. தமிழில் போலவே ஜப்பானியத்திலும் வினை வாக்கியத்தின் இறுதியில் வருகிறது. உருபுகள் பெயருக்குப் பின்னால் வருகின்றன. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதில் எச்சத் தொடர் பெயருக்கு முன் நிற்பது போலவே அங்கும் நிற்கிறது. 'சாப்பிட்டுப் பார்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்கள் 'தபெதெ மிரு' என்பார்கள். உண்ணுதல் வினையின் எச்ச வடிவமும் பார்த்தல் வினையும் நம் வரிசையிலேயே, முயன்று பார்த்தல் என்ற நம் பொருளிலேயே வருகின்றன. குறில் நெடில் வேறுபாடும் அப்படித்தான்: 'ஒபசன்' என்றால் அத்தை, 'ஒபாசன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் மட்டுமே அறிந்தவர் நெடுநாள் பழகிப் பெற வேண்டியவை இவை.

கபிலன்:
தென்றல் அவர்களே, இந்த ஒப்புமையை நான் மறுக்கவில்லை. ஆனால் இரு மொழிகளுக்கிடையே ஒப்புமை இருப்பது வேறு. வயதுவந்த ஒருவர் பேச முற்படும்போது அது அவருக்குக் கைகொடுப்பது வேறு. நான் வாழும் சூரிச்சில் ஜெர்மன் கற்கும் தமிழர்களிடம் இதைக் காண்கிறேன். 'எனக்குக் குளிருகிறது' என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வது போலவே ஜெர்மனிலும் 'மீர் இஸ்ட் கால்ட்' என்றே சொல்ல வேண்டும். ஆயினும், ஆங்கிலம் நன்கு படித்த தமிழர்கள் முதலில் சொல்வது 'இஷ் பின் கால்ட்' என்பதுதான். அது ஆங்கில எழுவாய் அமைப்பு. கேட்பவருக்கோ 'நான் இரக்கமற்றவன்' என்று பொருள்படக்கூடும். மொழியியலாளர்கள் கமிலா பார்டெல், இல்வா ஃபால்க் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஸ்வீடிஷையோ டச்சையோ புதிதாகக் கற்பவர்கள் வாக்கியத்தில் எதிர்மறைச் சொல்லை எங்கே வைக்கிறார்கள் என்பதில், தாய்மொழியைவிட அவர்கள் இரண்டாவதாகக் கற்ற மொழியின் செல்வாக்கே மேலோங்கி நின்றது. முயன்று படித்த மொழிதான், மீண்டும் முயன்று படிக்கும்போது முன்னால் வந்து நிற்கிறது.

மருதம்:
இருவரும் ஃபின்லாந்தையும் கருத வேண்டும். அங்கே ஃபின்னிஷ் பேசுவோரும் ஸ்வீடிஷ் பேசுவோரும் ஒரே நாட்டில், ஏறத்தாழ ஒரே வகைக் கல்வியில் வளர்கிறார்கள். ஆங்கிலத்துக்கு உறவான ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே ஆங்கிலம் எளிதாக வந்தது என்பதை மொழியியலாளர் ஹோகன் ரிங்போம் நெடுங்காலம் ஆராய்ந்து காட்டினார். ஃபின்னிஷ் பேசுவோரும் ஆங்கிலச் சொல் தெரியாதபோது, பள்ளியில் படித்த ஸ்வீடிஷிலிருந்தே சொல்லை எடுத்தார்கள். அதாவது, மொழியைக் கற்ற வரிசையை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்லிவிட முடியாது. நெருக்கமும் கணக்கில் வரும்.

தென்றல்:
கபிலன் அவர்களே, உங்கள் சூரிச் எடுத்துக்காட்டு என் கருத்துக்கே வலுச் சேர்க்கிறது. பாடநூலும் விளக்கமும் ஆங்கிலத்தில் இருக்கும்போது ஆங்கில அமைப்பு முன்னால் வருவதில் வியப்பில்லை. முதல் வகுப்பிலேயே ஆசிரியர் 'எனக்குக் குளிருகிறது' என்பதைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே ஜெர்மன் வாக்கியத்தை எழுதிக் காட்டினால் அந்தப் பிழை நெடுநாள் நீடிக்காது. தானாக உதவிக்கு வராத தாய்மொழியை ஆசிரியர்தான் அழைத்து வர வேண்டும்.

கபிலன்:
அப்படி அழைப்பதற்கு மாணவருக்குத் தன் மொழியின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். ஆங்கில வழியில் படித்த பலருக்கு 'வினையெச்சம்' என்ற சொல்லே புதிது. மேலும், வாக்கிய ஒப்புமை நம்மைக் கொண்டு செல்லும் தொலைவு குறைவு. ஆங்கிலம் பேசுவோருக்கு ஜப்பானியம் கற்பிக்க அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 88 வாரங்கள், 2200 வகுப்பு மணிநேரம் ஒதுக்குகிறது. ஜெர்மனுக்கு 36 வாரங்கள். ஜப்பானியத்துக்கு இவ்வளவு காலம் பிடிப்பதில் எழுத்து முறைக்குப் பெரும் பங்கு உண்டு. பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் மட்டும் சீன எழுத்திலிருந்து வந்த 2136 கன்ஜி எழுத்துகள் உள்ளன. அவற்றில் தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. ஜப்பானிய மொழி அறிஞர் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கொள்கையை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை என்பதையும் மாணவரிடம் சொல்லிவிட வேண்டும். இனமொழி என்று நம்பி எளிமையை எதிர்பார்த்து வருபவர் கன்ஜியைக் கண்டதும் விலகிவிடுகிறார்.

தென்றல்:
கன்ஜியைப் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. உறவுக் கொள்கையை நானும் ஏற்கவில்லை, என் வாதத்துக்கு அது தேவையும் இல்லை. இலக்கணக் கலைச்சொல் பற்றி மட்டும் உடன்பட மாட்டேன். 'சாப்பிட்டுப் பார்' என்று வீட்டில் சொல்லி வளர்ந்தவருக்கு அந்த அமைப்பு தெரியும். அதன் பெயர் தெரியாவிட்டால் குறையில்லை. ஜப்பானியத்தில் பேசுபொருளைக் குறிக்கும் 'வா', எழுவாயைக் குறிக்கும் 'கா' என்ற இரு இடைச்சொற்களின் வேறுபாட்டில்கூட, 'அண்ணன் வந்தான், தம்பியோ வரவில்லை' என்ற வாக்கியத்தின் 'ஓ'வைக் காட்டி, 'வா' உணர்த்தும் முரணை ஓரளவு விளக்கலாம். முழுமையாக விளக்க முடியாது. எந்த இடம்வரை தமிழ் துணைநிற்கும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று தமிழிலேயே சொல்லும் பாடநூல் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

கபிலன்:
அந்தப் பாடநூல் விட்டுவிட வேண்டிய இடங்களையும் அதே அளவு விரிவாகச் சொல்லுமானால், அதை நானும் வரவேற்பேன். ஆனால் ஆங்கிலத்தை வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது. சூரிச்சில் 'ஹவுஸ்' (வீடு), 'வாஸர்' (தண்ணீர்) போன்ற ஜெர்மன் சொற்கள் நம்மவருக்கு முதல் நாளிலேயே பிடிபடுவதற்கு ஆங்கிலமே காரணம்.