வேப்பிலைச் சாற்றில் தயாரித்த வெள்ளி நானோ துகள் நான்காம் நாளே படிகிறது, உதவுங்கள்

வணக்கம். செய்முறை இதுதான்: 10 கிராம் வேப்பிலையைக் கழுவி நறுக்கி, 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு. அதில் 10 மி.லி.யை, 90 மி.லி. 1 மில்லிமோலார் சில்வர் நைட்ரேட்டில் (100 மி.லி.க்கு 17 மி.கி.) சொட்டுச் சொட்டாக விட்டு இருட்டில் கலக்குவது. ஒரு மணி நேரத்தில் இளமஞ்சள் கட்டங்காப்பி நிறமாகிறது, ஒளி உறிஞ்சும் உச்சம் 425 நானோமீட்டர்.

நான்காம் நாள் உச்சம் 460-க்கு நகர்ந்து அகன்றுவிடுகிறது. குடுவை அடியில் சாம்பல் வண்டல், சுவரில் கண்ணாடிக்கு ரசம் பூசியதுபோல் மெல்லிய பளபளப்பு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீரில் குளோரைடு இருந்தால் கலந்தவுடனே பால்போல் வெளுத்திருக்கும், அப்படி இல்லை.

கலவையின் பிஹெச் 5.6. சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து 8-க்கு ஏற்றினால் நிலைக்குமா? அளவு மீறினால் பழுப்பு வெள்ளி ஆக்சைடு படியுமே, நீங்கள் எங்கே நிறுத்துகிறீர்கள்?

அடுத்த சிக்கல்தான் பெரியது. நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் மையவிலக்கி மூன்று முறை கழுவினால் துகள் திரும்பக் கரைசலில் பரவுவதில்லை. கழுவாமலும் விட முடியாது, ஏனென்றால் இதைப் பாக்டீரியா வளர்த்த தட்டின் குழிகளில் இட்டுச் சோதிக்கிறோம். மிச்சமிருக்கும் வெள்ளி அயனியே பாக்டீரியாவைக் கொல்லும், அதனால் குழியைச் சுற்றி பாக்டீரியா வளராமல் தெரியும் வளையத்தை நானோ துகளின் கணக்கில் எழுதுவது தவறு. சாறு மட்டும், சில்வர் நைட்ரேட் மட்டும் என இரண்டு ஒப்பீட்டுக் குழிகளும் கட்டாயம் வைக்கிறோம். டயாலிசிஸ் பை (அயனியை வெளியே விட்டு, துகளை உள்ளே நிறுத்தும் சவ்வுப் பை) பயன்படுத்தியவர்கள் எத்தனை மணி நேரம், எத்தனை முறை நீர் மாற்றினீர்கள்?