மூன்று பிரதேச சபைகளுக்குச் சேர்த்து ஒரு திட்டம்: பஸ், குளக்கட்டு, சனசமூக நிலையம். எங்கே தொடங்குவது?

சமாசச் செயலாளர்

வணக்கம். யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமம் தெற்கு, கிழக்கு, வடக்கு ஆகிய மூன்று பிரதேச சபைகளின் எல்லைப் பக்கமாக இருக்கிற சில சனசமூக நிலையங்கள் ஒரு சமாசமாகச் சேர்ந்து, அடுத்த ஐந்து வருடத்துக்கு ஒரு பொதுத் திட்டம் எழுதுகிறோம். அதில் மூன்று விடயம். அச்சுவேலி, புத்தூரிலிருந்து புன்னாலைக்கட்டுவன், சுன்னாகம், மல்லாகம் வழியாகத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்கு நேரம் தவறாமல் ஓடுகிற ஒரு பஸ். தூர்ந்துபோன ஒரு குளத்தைத் திருத்தி, குளக்கட்டின் மேல் நடைபாதையும் பக்கத்தில் சிறுவர் விளையாட்டிடமும். பாதி நாள் பூட்டிக் கிடக்கும் நிலையக் கட்டடங்களில் கிளினிக், முன்பள்ளி, வாசிகசாலை.

ஒவ்வொரு சபைக்கும் தனித்தனியே கடிதம் கொடுத்தால் "எமது அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்றுதான் பதில் வருகிறது. எந்த ஒழுங்கில் போவது? யாரிடம் எதைக் கேட்பது? இப்படியான திட்டங்கள் எங்கே முறிகின்றன?

எல்லைக்கல்

அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையான பதில்தான். கேட்டது சரி, கேட்ட இடம் பிழை. யாழ். மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபை, பதின்மூன்று பிரதேச சபை என்று 17 உள்ளூராட்சி மன்றங்கள் இருக்கின்றன. பிரதேச செயலகங்கள் 15. சபை மக்கள் தெரிவு செய்தது. செயலகம் மத்திய அரசின் நிர்வாகக் கை. காணி, சமூக சேவை, முதியோர் கொடுப்பனவு எல்லாம் செயலகப் பக்கம். உள்வீதி, வாசிகசாலை, பூங்கா, சந்தை, கழிவகற்றல் சபைப் பக்கம். நல்ல காலம், உங்கள் மூன்று சபைகளுக்கும் சோடியான செயலகம் தெளிவாக இருக்கிறது: தெற்குக்கு உடுவில், கிழக்குக்குக் கோப்பாய், வடக்குக்குத் தெல்லிப்பழை.

ஆகவே முதல் வேலை கனவை எழுதுவதல்ல, உடைமை அட்டவணை எழுதுவது. திட்டத்தில் வருகிற ஒவ்வொரு வீதித் துண்டையும் ஒரு வரியாகப் போடுங்கள். ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். மிச்ச வீதியும் ஒழுங்கையும் பெரும்பாலும் சபை. ஒரே வீதியில் நடுவழியில் உரிமையாளர் மாறுவதும் உண்டு. அந்தப் புள்ளியைச் சந்தியின் பெயரோடு குறியுங்கள். சுன்னாகம், மல்லாகம் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்க வேண்டி வரும். கடவையிலும் அதன் இரு பக்கத்து ஒதுக்கு நிலத்திலும் புகையிரதத் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. தண்டவாளத்து ஓரமாகச் சைக்கிள் பாதை போடலாம் என்று பலர் வரைகிறார்கள். அது முதல் கூட்டத்திலேயே நின்றுவிடும்.

குளமும் அப்படியே. சில சபையினுடையவை, சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருபவை, சில கோயில் உடைமை. வாய்ச்சொல்லை நம்பவேண்டாம். எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேள்வி குறுகலாக இருக்கட்டும்: "இந்தக் கிராம அலுவலர் பிரிவில் இந்தக் குளத்தின் பராமரிப்பு எந்த நிறுவனத்தின் பொறுப்பு, வரைபடப் பிரதி உண்டா?" அவ்வளவு போதும்.

நேரக்கணிப்பு

பஸ் பகுதிக்கு நான் எழுதுகிறேன், செயலாளர் ஐயா. இதுதான் மூன்றிலும் கடினமானது. ஆனால் கணக்குச் சரியாக இருந்தால் மறுக்கவும் கடினமானது.

யாழ்ப்பாணத்தின் பஸ் அமைப்பு நகரிலிருந்து விரிகிற வீதிகளின் மேல்தான் நிற்கிறது: காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வீதி. நகருக்குப் போகச் சுலபம். பக்கத்து வீதிக்குப் போகக் கடினம். கிழக்கு மேற்காகப் போகிறவர் இரண்டு பஸ் மாறுவார், இல்லாவிட்டால் ஓட்டோ பிடிப்பார். உங்கள் கோரிக்கையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "எங்கள் ஊருக்குப் பஸ் தாருங்கள்" என்று எழுதாதேயுங்கோ, "மூன்று வீதிகளைக் குறுக்காக இணைக்கிற சேவை" என்று எழுதுங்கோ.

ஆதாரத்துக்கு எண்ணிக்கை வேண்டும். செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலை 5.30 முதல் இரவு 7.30 வரை, 15 நிமிடத்துக்கு ஒரு கட்டமாகப் பதியுங்கோ. பாடசாலை விடுமுறையும் நல்லூர்த் திருவிழா நாட்களும் சரிவராது. அந்த எண்ணிக்கையை அதிகாரிகள் ஏற்கவும் மாட்டினம். நான்கு இடம் போதும்: புத்தூர்ச் சந்தி, புன்னாலைக்கட்டுவன் சந்தி, சுன்னாகம் சந்தைப் பக்கம், வைத்தியசாலை வாசல். பஸ்ஸில் ஏறினவரை மட்டும் எண்ணினால் பஸ் இல்லாத இடத்தில் தேவையே இல்லை என்று வரும். ஆகவே ஓட்டோவில் வந்தவரையும், பின்னால் ஆளை ஏற்றி வந்த மோட்டார் சைக்கிளையும் தனி நிரலில் போடுங்கோ. வைத்தியசாலை வாசலில் கிளினிக் நாளில் ஒன்று, கிளினிக் இல்லாத நாளில் ஒன்று, இரண்டு எண்ணிக்கை தேவை.

பிறகு பஸ் கணக்கு. போய்வர 36 கிலோமீற்றர் என்று வைப்போம். தரிப்பு, கடவை, சந்தை நெரிசல் எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 20 கிலோமீற்றர் என்றால் 108 நிமிடம். இரண்டு முனையிலும் 6 நிமிட ஓய்வு. மொத்தம் 120. அரை மணிக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 120 ஐ 30 ஆல் பிரிக்க 4 பஸ். நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்றால் 3. இதற்கு மேல் பழுதுக்கு ஒன்று.

இப்ப முறிகிற இடத்துக்கு வருகிறேன். கூட்டத்தில் ஒருவர் எழும்பி "எங்கள் கோயிலடிக்கும் வந்து போகட்டும்" என்பார். நியாயமான ஆசைதான். ஆனால் போய்வர 3 கிலோமீற்றர் கூடினால் 9 நிமிடம் கூடும். 129 நிமிடத்தை 4 பஸ்ஸால் அரை மணிக்கு ஒன்றாக ஓட்ட முடியாது, ஐந்தாவது பஸ் வேண்டும். அந்த ஒரு சுற்றுக்காக முழு வழித்தடத்தின் செலவும் காற்பங்கு ஏறுகிறது. பஸ்ஸை உள்ளே வளைக்காமல், உள்ளிருந்து தரிப்பிடத்துக்கு வருகிற ஒழுங்கையைத் திருத்துவதுதான் மலிவு. தரிப்பிடத்துக்கு 400 மீற்றர் வரை சனம் நடக்கும். சைக்கிள் நிறுத்த நிழலும் பூட்டக் கம்பியும் இருந்தால் 2 கிலோமீற்றரிலிருந்தும் வரும். எங்கள் நிலம் சமதரை, சைக்கிள் இல்லாத வீடு குறைவு.

மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் வழித்தட அனுமதிப்பத்திரம் வடக்கு மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபையின் வேலை. மாகாணம் தாண்டுகிற சேவைதான் 1991 இல் உருவான தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ் வரும், உங்களுக்கு அது தேவையில்லை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் டிப்போவுக்கும் அதே நாளில் அதே ஆவணத்தின் பிரதியைக் கொடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மறுபக்கம் எதிர்க்கும். இணைந்த நேர அட்டவணை வேண்டும் என்று கோரிக்கையிலேயே எழுதுங்கோ. இல்லாவிட்டால் இரண்டு பஸ் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி அடுத்த ஒரு மணித்தியாலம் வெறுமையாகக் கிடக்கும்.

இன்னொன்று. கடைசி ஓட்டத்தின் நேரம் அனுமதி நிபந்தனையில் இருக்க வேண்டும். அன்றாட வசூலில் சம்பளம் பிரிக்கிற பஸ்ஸில் பின்னேரம் 6 மணிக்குப் பிறகு ஆள் குறைந்தால் சாரதி ஓட்டத்தை வெட்டிவிடுவார், அவரில் குறை சொல்லவும் முடியாது. ரியூசன் முடிந்த பிள்ளையும் கடையில் வேலை செய்கிற பெண்ணும் அந்தக் கடைசி பஸ்ஸை நம்பித்தான் காலையில் முதல் பஸ்ஸில் ஏறுவினம். கடைசி பஸ் போனால் காலைச் சனமும் போகும்.

சமாசச் செயலாளர்

நேரக்கணிப்பு அண்ணைக்கு நன்றி, அந்த ஐந்தாவது பஸ் கணக்கை அப்படியே கூட்டத்தில் வைக்கிறேன். எல்லைக்கல் சொன்னபடி குளத்தைக் கேட்டபோது, அது சபையின் பராமரிப்பு என்று ஒரு பழைய கடிதம் கிடைத்திருக்கிறது. சுற்றிவரச் சீமெந்துச் சுவர் கட்டி, கட்டின் மேல் கல் பதிக்கவேண்டும் என்று சிலர் நிற்கிறார்கள். சரியா?

மருதநிழல்

சுவர் வேண்டாம். வலிகாமத்தின் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையை நிலத்துக்குள் இறக்குவதுதான் குளத்தின் முதல் வேலை. சீமெந்து பூசினால் குளம் தொட்டியாகிவிடும், சுற்றியுள்ள கிணறுகளுக்குப் பயன் குறையும். தவறி விழுந்த பிள்ளையோ ஆடு மாடோ செங்குத்துச் சுவரில் ஏறி வரவும் முடியாது. சரிவை ஒன்றுக்கு மூன்றாக விடுங்கள், அதாவது ஒரு மீற்றர் ஆழத்துக்கு மூன்று மீற்றர் அகலம். இடம் இல்லாத பக்கத்தில் மட்டும் ஒன்றுக்கு இரண்டு, அதில் புல்லுக்கட்டை பதித்து. ஓர் இடத்தில் அகலமான படிக்கட்டும் பிடிக் கம்பியும்.

குளம் தூர்ந்ததற்குக் காரணம் பெரும்பாலும் குளத்துக்குள் இருக்காது. தண்ணீர் வருகிற வாய்க்காலை மாரியில், மழை பெய்கிற நேரத்திலேயே நடந்து பாருங்கள். எங்கே மதில் கட்டியிருக்கிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது, எந்த வீதி உயர்ந்து தண்ணீரைத் திருப்புகிறது என்பதைப் படத்தோடு பதியுங்கள். வாய்க்காலைத் திறக்காமல் குளத்தை மட்டும் வெட்டினால் அடுத்த வருடம் நடைபாதையோடு ஒரு பள்ளம்தான் மிஞ்சும். வாய்க்கால் குளத்தில் விழும் இடத்தில் மண் படிய ஒரு சிறு தொட்டி வையுங்கள், வருடம் ஒருமுறை அதை மட்டும் அள்ளினால் போதும்.

வீதி உயர்வது தனிப் பிரச்சினை. பழைய தாரைக் கிளறாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் ஒவ்வொரு தடவையும் வீதி சில அங்குலம் ஏறுகிறது, வீட்டு வளவுகள் பள்ளமாகின்றன. ஒழுங்கை திருத்தும் மதிப்பீட்டில் "முடிந்த மட்டம் இப்போதைய மட்டத்தைத் தாண்டக்கூடாது" என்ற வரியைத் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டுச் சேர்ப்பியுங்கள். குடிநீர்க் குழாய் பதிக்க இருக்கிற ஒழுங்கையா என்று நீர் வழங்கல் சபையிடம் முதலே கேளுங்கள். கொங்கிரீட் போட்ட பிறகு வெட்டினால் அந்தத் தழும்பு ஆறாது.

நடைபாதைக்கு 2 மீற்றர் அகலம், இறுக்கிய கிரவல் போதும். சைக்கிளும் போகவேண்டுமென்றால் 3 மீற்றர். தண்ணீர் வழிய இரண்டு வீதச் சாய்வு, குளப் பக்கமாக. மரம் கட்டின் உச்சியில் வேண்டாம், பெரிய வேர் குளக்கட்டை வெடிக்கவைக்கும். வெளி அடியில் மருது, இலுப்பை, வேம்பு, புங்கை. வாங்கு (இருக்கை) மேற்கு வெயில் படாத பக்கத்தில். பின்னேரம் நான்கு மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துக் கம்பு நட்டுவிட்டு அதன்பின் இடம் முடிவு செய்யுங்கள். பல பூங்காக்களில் வாங்கு வெறுமையாக இருப்பதற்கு வெயிலைத் தவிர வேறு காரணம் இல்லை.

விளையாட்டு உபகரணத்துக்குக் கீழே சீமெந்தோ கல்லோ கூடாது. 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணல், சுற்றிவரக் குறைந்தது 1.8 மீற்றர் வெறும் இடம், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அதைவிடக் கூட. மணல் கால்பட்டு ஒதுங்கும், மாதம் ஒருமுறை இழுத்துச் சமப்படுத்த ஆள் பெயர் போட்டு வையுங்கள். உப்புக்காற்றுக்குத் துத்தநாகம் பூசிய இரும்பு. விளையாட்டிடம் குளத்திலிருந்து விலகியும், வேலி ஒரு மீற்றர் உயரத்திலும் இருக்கட்டும்.

மலசலகூடத்துக்குக் குழி வெட்டி ஊறவிடுகிற முறை இங்கே கூடவே கூடாது. சுண்ணக்கல்லின் வெடிப்பு வழியாகக் கழிவு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடியும் பக்கமும் மூடிய தொட்டி கட்டி, கழிவகற்றும் வண்டியால் எடுப்பியுங்கள்.

பின்னேர வாசிகசாலை

கட்டடத்தைப் பற்றிச் சுருக்கமாக. நிலையங்களை "எல்லாம் எல்லா இடத்திலும்" என்று நிரப்ப வேண்டாம். முன்பள்ளி காலையில் மட்டும், வாசிகசாலை பின்னேரம் 3 முதல் 7 வரை, கிளினிக் மாதத்தில் குறித்த நாளில் என்று ஒரே மண்டபத்தை நேரத்தால் பிரிக்கலாம். அதற்குப் பூட்டக்கூடிய இரண்டு அலுமாரி, தனி மின்மானி, கைகழுவும் குழாய், சாய்தளம் தேவை. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு, கதவு 90 சென்ரிமீற்றர். அதைவிடச் செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலியை ஒருவர் தள்ளி ஏற்றுவது கடினம். கிளினிக்குக்குச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையிடமும், முன்பள்ளிப் பதிவுக்கு மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் போகவேண்டும். கிளினிக் நாளை முடிவு செய்யும்போது நேரக்கணிப்பு அண்ணையின் அட்டவணையைப் பக்கத்தில் வையுங்கோ. காலை 8 மணிக்கு இலக்கம் கொடுக்கிற கிளினிக்குக்கு 8.20 பஸ் பயனில்லை.

மின் கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுத்தில் இல்லாத நிலையங்கள்தான் முதலில் பூட்டப்படுகின்றன. சபை உதவித்தொகையா, பயன்படுத்துகிற திணைக்களமா, சந்தாவா என்று முதலே எழுதுங்கோ.

எல்லைக்கல்

நேரக்கணிப்பு சொன்னதில் ஒரு விடயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முழு வழித்தடத்தையும் ஒரே தடவையில் கேட்காமல், புத்தூரிலிருந்து சுன்னாகம் வரையான துண்டை முதலில் கேட்பது நல்லது. சுன்னாகத்தில் காங்கேசன்துறை வீதி பஸ்ஸும் புகையிரத நிலையமும் இருக்கின்றன, அங்கிருந்து தெல்லிப்பழைக்கு ஏற்கனவே சேவை ஓடுகிறது. தூரம் குறைந்தால் பஸ்ஸும் குறையப் போதும், காங்கேசன்துறை வீதியில் ஓடுகிறவர்களின் எதிர்ப்பும் குறையும். வயதானவர்கள் மாறி ஏறுவது சிரமம் என்பது உண்மை. அதற்குக் கிளினிக் நாட்களில் மட்டும் ஓரிரு நேரடி ஓட்டம் கேளுங்கள்.

அடுத்தது நாட்காட்டி. சபைகளின் வரவுசெலவுத் திட்டம் வருட இறுதிக்குள் நிறைவேறும். உங்கள் மதிப்பீடு செப்டெம்பருக்குள் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் கையெழுத்தோடு இருக்கவேண்டும். பிரதேச சபைச் சட்டம் 1987 இன் 15 ஆம் இலக்கம். அதன்படி அமைகிற குழுக்களில் உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்க்கலாம். வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவிலும் தொழில்நுட்ப சேவைகள் குழுவிலும் உங்கள் சமாசத்திலிருந்து ஒருவரைச் சேர்க்கும்படி மூன்று தவிசாளர்களிடமும் கேளுங்கள். 2025 மே தேர்தலுக்குப் பிறகு மூன்று சபைகளும் இயங்குவதால் இப்போது கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். மாகாண சபை 2018 ஒக்டோபருடன் கலைந்தது, அதனால் மாகாண வீதிக்கும் பஸ்ஸுக்குமான கடிதம் உரிய அமைச்சின் செயலாளருக்குப் போகட்டும், பிரதி ஆளுநருக்கும் பிரதம செயலாளருக்கும்.

மூன்று சபைகளிலும் ஒரே வாசகத்தில் தீர்மானம் வரவேண்டும். ஒரு சொல் மாறினாலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் "இவர்களுக்குள்ளேயே உடன்பாடில்லை" என்று தள்ளிவைப்பார்கள். வாசகம் இப்படி இருக்கலாம்: "இணைப்பில் உள்ள அட்டவணையின்படி, எமது சபைக்குரிய பகுதிகளின் பராமரிப்பை ஐந்து வருடங்களுக்கு ஏற்கிறோம், ஏனைய பகுதிகளுக்கு உரிய நிறுவனங்களைக் கோருகிறோம்." பராமரிப்பு என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். கட்ட நிதி தருகிற எந்தத் திட்டமும் கேட்கிற முதல் கேள்வி அதுதான்.