உக்கடம் குளத்து மீனை நம்பிச் சாப்பிடலாமா?

வணக்கம். கோவை உக்கடம் பெரியகுளத்தில் பிடிக்கும் ஜிலேபி மீனை மாசமாக இருக்கும் என் தங்கைக்குக் கொடுக்கலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு மீன் என்றால் உயிர். கரையில் துள்ளத் துள்ளக் கிடைக்கிறது, ஆனால் குளத்தில் சாக்கடைத் தண்ணீரும் கலக்கிறதே, ஜிலேபி ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன் என்பதால் துள்ளுவதை மட்டும் வைத்து நம்ப முடியவில்லை. நன்றாக வேகவைத்தால் கிருமியும் புழுவும் செத்துவிடும், சரி, ஈயம், காட்மியம் மாதிரி நச்சு உலோகங்கள் எல்லாம் கொதிக்கவைத்தாலும் போகாதே! செவுள், ஈரல், குடலை எடுத்துவிட்டு, மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசியும் சேற்று வாடை அடிக்கிறது. அப்புறம், மீனைக் கொடுத்தால் உலோகம் இருக்கிறதா என்று பார்த்துத் தரும் ஆய்வுக்கூடம் கோவையில் எங்கே இருக்கிறது, எவ்வளவு வாங்குவார்கள்?