கண்மாயை ட்ரோனில் அளந்த கதை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ராமநாதபுரத்திலிருந்து:

திருவாடானை பக்கம் 100 ஏக்கர் கண்மாய் ஒன்று. எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எங்கே மேடு தட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சித்திரை கடைசி, தண்ணீர் வற்றியிருந்தது. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளம் இருப்பதால் எங்கள் மாவட்டத்தில் முதலில் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை (ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று அரசு காட்டுவது) பார்ப்பது வழக்கம். அந்த இடம் பச்சை மண்டலம், 400 அடி வரை பறக்கலாம். நான் வைத்தது 80 மீட்டர்தான். என் ட்ரோன் ஃபாண்டம் 4 ஆர்டிகே. ஆர்டிகே என்றால் பறக்கும்போதே தன் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் பிடிப்பது. அதில் அந்த உயரத்துக்கு ஜிஎஸ்டி 2.2 செ.மீ. (வரி இல்லை, ஒரு பிக்சல் தரையில் பிடிக்கும் அளவு.) முன்பின் 80, பக்கவாட்டில் 70 சதவீதம் படங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழ வேண்டும். சுமார் 700 படம், இரண்டு பேட்டரி. பறப்பது அரை மணி வேலை.

மீதி எல்லாம் தரையில்தான். படத்தைத் தரையோடு பொருத்த, முதல் நாள் சாயங்காலமே கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சடித்த ஃபிளெக்ஸ் துண்டுகளை ஏழு இடத்தில் ஆணியடித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஜிபிஎஸ் கோலை நிறுத்தி அளவெடுத்தோம். காலையில் போனால் ஐந்துதான் இருக்கிறது. இரண்டு இடத்தில் ஆணி மட்டும். கரையில் நின்ற பெரியவர், "நெலத்த எடுக்க வந்திருக்கீகளாப்பா?" என்றார். கண்மாயை ஆழப்படுத்தத்தான் என்றதும் மனிதர் கூடவே நடந்து, மண்ணில் புதைந்து கிடந்த பழைய மடை ஒன்றைக் காட்டினார். அது எந்த வரைபடத்திலும் இல்லை. விட்டுப்போன இரண்டு புள்ளிகளில் ஒன்றை அந்த மடைக்கல்லிலும் இன்னொன்றை, மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்குச் சுவரிலும் பெயிண்டில் சிலுவைக்குறியாகப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் ஓட்டினால், கண்மாய்த் தரை மைனஸ் எழுபது சொச்சம் மீட்டரில் நிற்கிறது! பொறியாளர் பார்த்துவிட்டு, "கண்மாய் பாதாளத்துல இருக்கா தம்பி?" என்றார். தப்பு கருவியில் இல்லை. செயற்கைக்கோள் உயரத்தை அளப்பது கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு நீள்கோளத்திலிருந்து. நம் பக்கம் உண்மையான கடல்மட்டம் அதற்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அது 106 மீட்டர் வரை இறங்குகிறது. கடல்மட்டத்தில் உலகத்திலேயே பெரிய பள்ளம் அதுதான். அப்புறம் பக்கத்திலிருந்த பெஞ்ச் மார்க்கிலிருந்து (கடல்மட்ட உயரம் தெரிந்த அடையாளக்கல்) ஆட்டோ லெவல் என்ற மட்டக்கருவி போட்டு வந்து கலுங்கின் உயரத்தைப் பிடித்தேன். சின்னப் பரப்பு என்பதால் வித்தியாசத்தை மொத்தமாகக் கூட்டினாலே போதுமாயிருந்தது.

இன்னும் தீராத தொல்லை சீமைக்கருவேலம். கேமரா பார்ப்பது இலையின் தலையைத்தான், அடியில் இருக்கும் மண்ணை இல்லை. அப்படியே கணக்கிட்டால் பாதிக் கண்மாய் மேடாகிவிடும். உள்ளே முள்ளில் கிழிபட்டு, கோலை ஊன்றி ஊன்றித்தான் தரையை எடுத்தோம்.

தூத்துக்குடியிலிருந்து:

உங்களுக்கு முள் என்றால் எங்களுக்கு உப்பளம். எல்லாப் பாத்தியும் ஒரே மாதிரி, ஒரே வெள்ளை. மென்பொருளுக்கு ஒரு படத்தை இன்னொன்றோடு ஒட்ட அடையாளமே கிடைக்காது. உச்சி வெயிலில் பாத்தித் தண்ணீர் கண்ணாடியாகப் பளீரென்று அடிக்கும். நிழல் குறையும் என்று மதியம் பறக்கச் சொல்வார்கள், இங்கே அது ஆகாது. லேசாக மேகம் மூடிய காலையில், உயரத்தைக் கூட்டி, வரப்புகள் நிறைய விழுகிற மாதிரி எடுத்ததும் சரியாக வந்தது. நடுப் பாத்தியில் மட்டும் ஓட்டை விழுந்தது. அதை விட்டுவிட்டேன், கேட்டவருக்கு வேண்டியது வரப்பின் நீளம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து:

நான் செய்த முட்டாள்தனம் இது. மூன்று கிலோமீட்டர் வாய்க்கால், ஆர்டிகே இல்லாத சாதாரண ட்ரோன், தரைப் புள்ளிகள் இரண்டு முனையில் மட்டும். படம் அவ்வளவு அழகாக வந்தது. நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால் வாய்க்கால் நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது! லென்ஸ் வளைவை மென்பொருள் தப்பாக ஊகித்து, அந்தப் பிழையை நீளம் முழுக்கச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. நடுவில் நாலு புள்ளி போட்டு மறுபடி பறந்தேன். இரண்டாவது நாள் கூலி என் கையிலிருந்து போனது.

மறுபடி ராமநாதபுரம்:

பொள்ளாச்சி நண்பருக்கு: புள்ளியில் ஒன்றிரண்டைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் படத்தை அதோடு ஒப்பிட்டால் தொட்டில் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம், காணாமல் போன ஃபிளெக்ஸ். ஒட்டிமுடித்த படத்தில் கரைக்கு வெளியே ஒரு ஆட்டுக்கொட்டகையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரை ஓட்டையை மூடிக்கொண்டு, நாலு மூலையிலும் கல் வைத்து, என் கறுப்பு வெள்ளைக் கட்டம் இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன.