காஞ்சிபுரத்தில் 40 பேரோடு கல்யாணம், ஊர் மொய்க்கு என்ன செய்வது?

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு):

வணக்கம். பாலக்கோடு பக்கம் பட்டுப்புழு வளர்க்கிறேன். பெரிய மகளுக்கு வரும் தையில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு காவேரிப்பட்டணம், இரண்டு பேருக்கும் வேலை ஓசூரில். அவர்களே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள்: கல்யாணம் காஞ்சிபுரத்தில், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து 40 பேர், மேடை ஜோடனை இல்லை, கச்சேரி இல்லை, ட்ரோன் இல்லை. ஏன் காஞ்சி என்று கேட்டால், "நம்ம கூடு புடவையாகிற ஊர்ப்பா" என்கிறாள். தர்மபுரி அங்காடியில் ஏலம் போன கூடு எந்தத் தறிக்குப் போகிறது என்று வளர்த்த எனக்கே தெரியாது. உண்மைக் காரணம், போன வருடம் சிநேகிதர்களோடு போய்க் கைலாசநாதர் கோயிலைப் பார்த்ததுதான். தாலி கட்டினால் அங்கேதான் என்று நிற்கிறார்கள்.

செலவு குறைந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பீரோவில் மொய் நோட்டு இருக்கிறதே! அப்பா காலத்திலிருந்து ஊரில் நடந்த காதுகுத்து, கல்யாணம், புதுவீடு ஒன்றையும் விட்டதில்லை. என் தங்கை கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் கொடுத்தது வந்த மொய்யிலிருந்துதான். 40 பேர் என்றால் பங்காளிகளிலேயே பாதிப் பேரைக் கூப்பிட முடியாது. தாய்மாமன் சீர் மேளத்தோடு தெருவில் வராது என்று கேள்விப்பட்டதிலிருந்து என் மச்சான் சரியாகப் பேசுவதில்லை.

தேதியிலும் ஒரு தொல்லை. புழு கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் இருந்தால் அந்த ஒரு வாரம் வீட்டைப் பூட்ட முடியாது. மொத்தத் தீனியில் முக்காலுக்கு மேல் அப்போதுதான் தின்னும், ராத்திரியும் தழை போடவேண்டும். முட்டை வாங்கும் தேதியைத் தள்ளிப் போட்டு அதை நான் சமாளித்துக்கொள்வேன்.

கைலாசநாதர் கோயிலில் கல்யாணத்துக்கு யாரிடம் கேட்பது? ஊர்க்காரர்களிடம் எப்படிச் சொல்வது? இப்படிச் செய்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

---

ஊத்தங்கரைப் பெண் (இப்போது காஞ்சிபுரம்):

அண்ணா, முதலில் கைலாசநாதரை மறந்துவிடச் சொல்லுங்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற கோயில், அங்கே மணமேடை போடவோ விசேஷம் நடத்தவோ விடமாட்டார்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, ஆயிரத்து முந்நூறு வருடத்து மணற்கல், தொட்டாலே கையில் மணல் ஒட்டும். ஓமப்புகை அதற்கு ஆகாது. தாலி கட்டிய பிறகு பொண்ணும் மாப்பிள்ளையும் போய்ச் சாமி கும்பிடட்டும், கைக்கேமராவில் படம் எடுக்கட்டும். ட்ரைபாட் வைப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி வேண்டும். காலை வெயிலில் சுற்றாலையில் இருக்கும் சின்னச் சின்னச் சன்னதிகள் அவ்வளவு அழகு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், பந்தியை முடித்துவிட்டுப் போகலாம் என்று இருந்தால் ஏமாந்துபோவீர்கள்.

தாலி கட்ட இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று ஏகாம்பரநாதர் கோயில். அம்மன் மாமரத்தடியில் மணலில் லிங்கம் பிடித்துப் பூஜை செய்து சிவனைக் கைப்பிடித்த இடம் என்பதால் கல்யாணத்துக்கு அங்கேதான் எல்லாரும் ஆசைப்படுவார்கள். அதனாலேயே கூட்டம். நல்ல முகூர்த்தத்தில் உங்கள் ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஜோடி மாலையோடு நிற்கும். என்னைக் கேட்டால் குமரகோட்டம். ஏகாம்பரநாதருக்கும் காமாட்சியம்மனுக்கும் நடுவில் இருக்கும் முருகன் கோயில். கச்சியப்பர் கந்தபுராணத்தை அரங்கேற்றியது அங்கேதான். கோயில் சின்னது, 40 பேர் வந்தால் நிறைந்துபோகும். அதுவே 400 பேர் மண்டபத்தில் 40 பேர் உட்கார்ந்தால் யாரோ வராமல் போன மாதிரி இருக்கும்.

தை என்பதால் தப்பித்தீர்கள். பங்குனியில் ஏகாம்பரநாதர் பிரம்மோற்சவம், வைகாசியில் வரதராஜர் கருடசேவை, அப்போதெல்லாம் ரூம் கிடைப்பது கஷ்டம். தையிலும் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் வேண்டாம், புதனோ வியாழனோ பாருங்கள்.

உங்கள் பெண் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். இங்கே கர்நாடகப் பட்டு நிறைய வருகிறது, சரிதான். ஆனால் அறிஞர் அண்ணா பெயரில் ஒரு பட்டுப் பரிமாற்று நிலையமும் இருக்கிறது, தமிழ்நாட்டில் நூற்ற பட்டு அது வழியாக நெசவாளர் சங்கங்களுக்கு வருவது உண்டு. புடவை கோர்வை போட்டதாக, அதாவது உடலையும் கரையையும் தறியிலேயே கோத்து நெய்ததாக வேண்டுமென்றால் இப்போதே சங்கத்தில் சொல்லிவையுங்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "நல்ல கடை காட்டுறேன்" என்று வருபவர் பின்னால் போகாதீர்கள், அவர் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும்.

---

தகடூரான்:

ஐயா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பழைய ஊர்தான் வேண்டும் என்றால் நாம் இருப்பது என்ன நேற்று முளைத்த ஊரா? அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் இது. தர்மபுரிக் கோட்டைக் கோயிலில் அம்மன் பெயரே கல்யாண காமாட்சி. நுளம்ப அரசர்கள் காலத்துக் கோயில், தரையில் முழுதாகப் பதியாமல் நிற்கும் தொங்கும் தூண் வேறு. இங்கே ஒரு காமாட்சியை விட்டுவிட்டு நாலரை மணி நேரம் வேனில் போய் இன்னொரு காமாட்சியைப் பார்க்கவேண்டுமா? மலைமேல்தான் வேண்டுமென்றால் அரூர் தாண்டித் தீர்த்தமலை இருக்கிறது.

---

காரிமங்கலம் வாத்தியார்:

தகடூரான் சொல்வது நியாயம்தான். ஆனால் தர்மபுரியில் வைத்தால் 40 என்பது தாலி கட்டுவதற்குள் 400 ஆகிவிடும். அந்தப் பிள்ளைகள் தூரமாகப் போவதே அதற்காகத்தான்.

மொய் பற்றி ஒன்று சொல்லவேண்டும். இப்போது பத்திரிகையில் "மொய் அன்புடன் தவிர்க்கப்படுகிறது" என்று அச்சடிக்கிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். நீங்கள் பெருந்தன்மையாகச் செய்கிறோம் என்று நினைப்பீர்கள். போன முறை நீங்கள் எழுதிய 2,000 ரூபாயைத் திருப்ப ஐந்து வருடமாகக் காத்திருப்பவருக்கு அது அவமானம். கடனைக் கட்ட வருபவர் முகத்தில் கதவைச் சாத்தினால், அடுத்த முறை உங்களிடம் வாங்க அவருக்குக் கூச்சமாக இருக்கும். கொடுக்கல் வாங்கல் அதோடு அறுந்துபோகும்.

கல்யாணத்தை அவர்கள் இஷ்டத்துக்கு விடுங்கள். முன்னும் பின்னும் உங்கள் கையில் இருக்கட்டும். பந்தக்காலும் நலங்கும் ஊரில், வீட்டு வாசலில். தாய்மாமன் சீர் நலங்கன்றைக்கே மேளத்தோடு தெரு சுற்றி வரட்டும், ஊர் முழுக்கப் பார்க்கும். உங்கள் மச்சானுக்கு வேண்டியது அதுதான், காஞ்சிபுரத்தில் யாருமில்லாத தெருவில் தட்டைத் தூக்கி என்ன பயன்? கல்யாணம் முடிந்து வந்த வாரம் பாலக்கோட்டில் மதிய விருந்து, வாசலில் மொய் மேசை. விருந்துக்கு மண்டபம்கூட வேண்டாம், அறுவடையான வயல் இருந்தால் ஷாமியானா போதும். செலவு பெரிதாக மிச்சமாகும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். இலைக்கணக்கு பழைய இலைக்கணக்குதான், குறைவது மேடையும் மினுக்கலும்.

பத்திரிகையை நேரில் போய்ப் பாக்கு வெற்றிலையோடு கொடுங்கள். "தாலி காஞ்சியில், வீட்டாள் மட்டும். விருந்து நம்ம ஊரில், நீங்கள் இல்லாமல் இலை போடமாட்டேன்" என்று வாயால் சொல்லவேண்டும். வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் நான்கூட வரமாட்டேன்.

---

பத்திரம் எழுதுபவர், கிருஷ்ணகிரி:

காகித வேலை: அறநிலையத்துறைக் கோயில் என்றால் இருவரின் வயதுச் சான்று, ஆதார், போட்டோ, பத்திரிகை தயாராக வையுங்கள். இதற்குமுன் திருமணம் ஆகவில்லை என்ற சான்றும் பல கோயில்களில் கேட்பார்கள், விஏஓவிடம் இப்போதே சொல்லிவைப்பது நல்லது. கோயிலில் பணம் கட்டிய ரசீதைத் தொலைக்காதீர்கள், பதிவுக்கு அதுதான் ஆதாரம். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. காஞ்சிபுரத்திலேயே பதிவதென்றால் அதற்கும் சேர்த்து வேலைநாளாகப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

---

மல்பெரித்தோட்டம் (பாலக்கோடு):

எல்லாருக்கும் நன்றி. தொல்லியல் துறை என்றதும் மகள் ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அப்புறம் குமரகோட்டம் படத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். வாத்தியார் சொன்னபடி நலங்கன்று சீர் என்று மச்சானிடம் சொன்னேன். "எத்தனை தட்டு?" என்று கேட்டான். அவன் தட்டுக் கணக்கில் இறங்கிவிட்டால் கோபம் பாதி போய்விட்டது என்று அர்த்தம்.

தகடூரானே, திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் கோட்டைக் கோயிலுக்கு அனுப்புகிறேன், போதுமா? ஊத்தங்கரை அம்மா, ஒன்று மட்டும் கேட்கவேண்டும். காலை டிபனுக்கு அந்த ஊர்க் கோயில் இட்லி வேண்டுமாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு. 40 பேருக்குக் கிடைக்குமா?

---

ஊத்தங்கரைப் பெண் (இப்போது காஞ்சிபுரம்):

கிடைக்கும் அண்ணா, முன்கூட்டியே சொல்லவேண்டும். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு, மிளகு சீரகம் சுக்கு சேர்த்து அவிப்பது, வேக நேரமாகும். வயதானவர்களுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் சாதா இட்லியும் கொஞ்சம் சொல்லிவையுங்கள். முதல் நாள் ராத்திரியே எல்லாரும் வந்து தங்கிவிடுங்கள். விடியற்காலை முகூர்த்தத்துக்குப் பாலக்கோட்டிலிருந்து வேனில் கிளம்பி வருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வாலாஜாவில் டீ குடிக்க நிறுத்தினாலே நேரம் போய்விடும்.